எல்லாருக்கும் தெரிந்த ரகசியம்: நெவாடா பாரின் ரேஞ்சர் நாவல்கள்

டெக்சாஸ் மாநிலத்தின் குவாடலூப் மலைத் தேசியப் பூங்காவில் ஒரு பெண்ணின் உடல் கிடக்கிறது. உடலில் கீறல்களும் பல்தடங்களும் இருக்கின்றன. மலைச் சிங்கம் அடித்துவிட்டது என்று அதிகாரிகள் முடிவுசெய்கிறார்கள். சிங்கத்தைச் சுட ஆள் அனுப்புகிறார்கள். இறந்தவள் அந்தப் பூங்காவின் ரேஞ்சர். அவள் உடலைக் கண்டெடுக்கும் அன்னா பிஜனும் ரேஞ்சர்தான். சிங்கம் இதைச் செய்யவில்லை என்று அவள் ஒருத்தி மட்டும் நினைக்கிறாள். அவள் சொல்வதைக் கேட்க ஆள் இல்லை. நெவாடா பார் 1993இல் வெளியிட்ட 'ட்ராக் ஆஃப் தி கேட்' இப்படித்தான் தொடங்குகிறது. முதல் நாவலுக்கான அகதா, ஆன்டனி விருதுகள் இரண்டையும் பெற்ற நூல் இது. 2016இல் வந்த 'போர் ஐலண்ட்' வரை இதே நாயகியை வைத்து 19 நாவல்களை அவர் எழுதியிருக்கிறார். பெரும்பாலான நாவல்கள் ஒவ்வொன்றும் ஒரு தேசியப் பூங்காவில் நடக்கின்றன.

துப்பறியும் நாவல் என்றாலே விமர்சனத்துக்கு உரியதல்ல என்று ஒதுக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. பெண்கள் அதிகம் வாசிக்கும் வகைமைகளுக்கு இந்த அவமதிப்பு கூடுதலாகவே கிடைக்கிறது. ஆனால் காவல், அதிகாரம், பெண்ணுடல், பயம் ஆகியவற்றைப் பற்றி ஒரு சமூகம் என்ன நினைக்கிறது என்று தெரிந்துகொள்ள, அது பேருந்திலும் படுக்கையறையிலும் வாசிக்கும் கதைகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பாரின் நாவல்கள் சீருடை அணிந்த ஒரு பெண்ணை மையத்தில் நிறுத்துகின்றன. அவை அவளுக்கு எதைக் கொடுக்கின்றன, எதைக் கொடுக்க முடியாமல் போகின்றன என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

ரேஞ்சர் என்ற சொல் நமக்குப் புதிதல்ல. நம் ஊரில் அது வனச்சரக அலுவலரைக் குறிக்கும். அமெரிக்கத் தேசியப் பூங்காவின் ரேஞ்சர் வேறு ஆள். அங்கே ஒரு பிரிவினர் பார்வையாளர்களுக்கு வழிகாட்டுவார்கள், பாறைகளையும் பறவைகளையும் பற்றிப் பேசுவார்கள். இன்னொரு பிரிவினர் சட்ட அமலாக்க ரேஞ்சர்கள். இடுப்பில் துப்பாக்கி இருக்கும். கைது செய்யும் அதிகாரம் இருக்கும். குடித்துவிட்டு வண்டி ஓட்டுபவனைப் பிடிப்பதும், பாறையிலிருந்து விழுந்தவரைக் கயிறு கட்டித் தூக்குவதும், நெஞ்சுவலி வந்தவருக்கு முதலுதவி செய்வதும், காட்டுத்தீயோடு போராடுவதும், காணாமல்போன குழந்தையைத் தேடுவதும் பல பூங்காக்களில் ஒரே ஆளின் வேலை. உதவிக்கு வர வேண்டிய வண்டி ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கலாம். கொலை போன்ற பெருங்குற்றம் என்றால் எஃப்.பி.ஐ. வரும், அதுவரை உடலுக்குக் காவல் நிற்பவர் ரேஞ்சர்.

இந்தக் காவல் முகம் கூர்மையடைந்த ஆண்டுகளைக் குறிப்பிட்டுச் சொல்லலாம். 1970 ஜூலை 4 அன்று யோசெமிட்டி பூங்காவின் ஸ்டோன்மன் புல்வெளியில் கூடிய இளைஞர்களைக் கலைக்க ரேஞ்சர்கள் குதிரைகளில் புகுந்தார்கள். அது கலவரமாக முடிந்தது. கூட்டத்தைக் கையாளத் தெரியாத ரேஞ்சர்களுக்கு முறையான போலீஸ் பயிற்சி வேண்டும் என்ற முடிவு அதன்பின் வலுத்தது. 1976இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், தெரிவுசெய்யப்பட்ட பூங்கா ஊழியர்கள் துப்பாக்கி ஏந்தவும் கைது செய்யவும் தெளிவான அதிகாரம் கொடுத்தது. பெண்கள் இந்த வேலைக்குள் எண்ணிக்கையாக நுழைந்ததும் ஏறத்தாழ இதே காலத்தில்தான். நட்புக்குரிய வழிகாட்டி என்ற பழைய படிமம் போலீஸ்காரராக இறுகிய நேரத்தில் அந்தக் கதவு பெண்களுக்குத் திறந்தது. அன்னா பிஜன் இந்த இரண்டு மாற்றங்களின் மகள்.

அதற்கு முந்தைய வரலாற்றையும் வாசகிகள் அறிய வேண்டும். 1918இல், முதல் உலகப்போருக்கு ஆண்கள் போய்விட்ட நேரத்தில், யோசெமிட்டி பள்ளத்தாக்கின் பள்ளி ஆசிரியை கிளேர் மேரி ஹாட்ஜஸ் பூங்காக் கண்காணிப்பாளரிடம் வேலை கேட்டார், கிடைத்தது. குதிரையில் மலைப்பாதைகளைச் சுற்றினார். டுவாலமி புல்வெளி வாயிலில் வசூலான பணத்தைத் தலைமையகத்துக்குக் கொண்டுவந்தார். ரேஞ்சர் தொப்பி அணிந்தார், கைத்துப்பாக்கி எடுத்துச்செல்லவில்லை. முழு அதிகாரத்தோடு நியமிக்கப்பட்ட முதல் பெண் ரேஞ்சர் அவர். அவருக்குப் பின் பல பத்தாண்டுகள் அந்தக் கதவு ஏறக்குறைய மூடியே கிடந்தது. 1960களில் பெண் ஊழியர்களுக்குக் கொடுத்த சீருடை, விமானப் பணிப்பெண்ணின் உடையைப் பார்த்துத் தைத்தது. ஆண்கள் நெஞ்சில் அணியும் ரேஞ்சர் பட்டயத்துக்குப் பதிலாகச் சிறியதோர் அம்புமுனை ஊசிதான் சில காலம் அவர்களுக்கு வாய்த்தது. ஆண்களின் அதே சீருடையும் அதே அகன்ற விளிம்புத் தொப்பியும் பெண்களுக்குக் கிடைத்தது 1970களின் பிற்பகுதியில்தான். உடை அற்ப விஷயம் என்று நினைப்பவர்கள், நள்ளிரவில் முகாமில் குடித்துவிட்டுக் கத்தும் ஆறு ஆண்களை அமைதிப்படுத்தப் பணிப்பெண் உடையில் போய் நிற்பதைக் கற்பனை செய்து பார்க்கலாம்.

நெவாடா பாருக்கு இந்த உலகம் உள்ளிருந்து தெரியும். நாடக நடிகையாக இருந்தவர். பின்பு ஐல் ராயல், குவாடலூப், மேசா வெர்டே, நாட்செஸ் ட்ரேஸ் ஆகிய பூங்காக்களில் ரேஞ்சராக வேலை பார்த்தவர். 1984இல் வெளியான அவருடைய 'பிட்டர்ஸ்வீட்' என்ற நாவல், 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க மேற்கில் இரண்டு பெண்களுக்கிடையே மலரும் காதலைப் பேசியது. பெண்களின் துணிச்சலும் பெண்களுக்கிடையிலான நேசமும் அவருக்குப் பிற்பாடு ஒட்டவைத்த சரக்குகள் அல்ல.

இந்நாவல்களின் முதல் பலம் அன்னாவின் உடல். தொடர் தொடங்கும்போதே அவளுக்கு நாற்பதை நெருங்கும் வயது. விதவை. கணவன் நியூயார்க் தெருவொன்றில் விபத்தில் இறந்தவன். அவள் குடிக்கிறாள், குடியை விட முயல்கிறாள், மீண்டும் குடிக்கிறாள். அவளுக்கு முழங்கால் வலிக்கிறது, மூச்சு வாங்குகிறது, பசிக்கிறது. ஆணின் கண்ணுக்கு விருந்தாக அவள் உடல் எங்கும் விவரிக்கப்படுவதில்லை. அது வேலை செய்யும் கருவியாக வருகிறது. எந்த முடிச்சைப் போடுவது, ஸ்ட்ரெச்சரை எந்தப் பக்கம் சாய்ப்பது, காயம்பட்டவரிடம் முதலில் என்ன கேட்பது என்பதெல்லாம் அவள் யோசனையில் ஓடுகின்றன. ஒரு பெண்ணுக்குத் தன் வேலை தெரியும் என்பதைப் பக்கம் பக்கமாக வாசிப்பதில் கிடைக்கும் மகிழ்ச்சியைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. நம் கதைகளில் பெண்ணின் தியாகமும் அழகும் கண்ணீரும் எழுதப்பட்ட அளவுக்கு அவளுடைய தொழில்திறன் எழுதப்படவில்லை.

'ஃபயர்ஸ்டார்ம்' (1996) இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கலிபோர்னியாவின் லாசன் எரிமலைப் பூங்காப் பகுதியில் காட்டுத்தீ. முகாமில் அன்னா மருத்துவ உதவியாளர். தீ எதிர்பாராமல் திரும்பி வந்து சூழ்ந்துகொள்ள, தீயணைப்பாளர்கள் வெள்ளி நிறத் தீக்காப்பு உறைகளுக்குள் ஆளுக்கொரு பக்கம் சுருண்டு படுக்கிறார்கள். தீ கடந்துபோகிறது. ஓர் உறைக்குள் இருப்பவன் தீயால் சாகவில்லை. கத்தியால் குத்தப்பட்டுச் செத்திருக்கிறான். வெளியுலகத் தொடர்பு அறுந்த நிலையில், காயம்பட்டவர்களுக்குக் கட்டுப்போட்டுக்கொண்டே கொலைகாரனையும் தேட வேண்டும். 'பிளைண்ட் டிசென்ட்' (1998) நியூ மெக்சிகோவின் லெச்சுகுயா குகைக்குள் நடக்கிறது. உள்ளே அடிபட்டுக் கிடக்கும் தோழி அன்னா வர வேண்டும் என்கிறாள். அன்னாவுக்கோ மூடிய இடங்கள் என்றால் உயிர்ப்பயம். அந்தப் பயத்தோடே அவள் பூமிக்குள் இறங்குகிறாள். மீட்புப் பணியை ஆண்மையின் சாகசமாகக் காட்டும் மரபுக்கு இது நல்ல பதில். இங்கே தைரியம், நடுங்கும் கைகளோடு ஒரு பெண் இன்னொரு பெண்ணைத் தேடிப்போவது.

இந்த மகிழ்ச்சிக்கு ஒரு விலை இருக்கிறது. அன்னா சுதந்திரமாக அலைய வேண்டும் என்பதற்காக அவளைச் சுற்றியிருந்த பராமரிப்புக் கடமைகள் எல்லாம் கதை தொடங்குமுன்பே அகற்றப்பட்டிருக்கின்றன. கணவன் இறந்துவிட்டான். குழந்தை இல்லை. மனநல மருத்துவரான அக்கா மாலி நியூயார்க்கில், தொலைபேசியின் மறுமுனையில் இருக்கிறாள். பிற்பாடு அன்னா மணந்துகொள்ளும் பால் டேவிட்சன், ஷெரீஃபும் பாதிரியாருமானவன், பெரும்பாலும் தொலைவில்தான் இருக்கிறான். வீடு, சமையல், பிள்ளை, நோயாளி என்று ஏதும் அவளைப் பின்னுக்கு இழுப்பதில்லை. ஆண் துப்பறிவாளர்களுக்கு இந்த விடுதலை இயல்பாகவே கிடைத்தது. பெண்ணுக்கு அதைக் கொடுக்க ஆசிரியர் ஒரு மரணத்தை ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது.

நிஜ வாழ்க்கை அப்படி ஏற்பாடு செய்வதில்லை. 2012ஆம் ஆண்டின் முதல் நாள், வாஷிங்டன் மாநிலத்தின் மவுண்ட் ரேனியர் பூங்காவில், சோதனைச் சாவடியில் நிற்காமல் பாய்ந்துசென்ற வண்டியை மறிக்க மார்கரெட் ஆண்டர்சன் என்ற ரேஞ்சர் தன் வண்டியைச் சாலையின் குறுக்கே நிறுத்தினார். அதில் வந்தவன் அவரைச் சுட்டுக் கொன்றான். அவருக்கு வயது 34. இரண்டு சிறு பெண்குழந்தைகளின் தாய். அவர் கணவரும் அதே பூங்காவில் ரேஞ்சர். அந்த நேரத்தில் அவரும் பணியில் இருந்தார். மேலே பனியில் விளையாடிக்கொண்டிருந்த பார்வையாளர்களை அந்தத் துப்பாக்கி எட்டாமல் போனதற்கு அந்த மறியல் முக்கியக் காரணம். தாய்மையும் துப்பாக்கியும் ஒரே உடலில் இருப்பதை அன்றாட வேலைநாளாக வாழ்ந்த பெண் அவர். 19 நாவல்களில் ஒன்றுகூட அப்படியொரு பெண்ணை நாயகியாக்கவில்லை. அவள் காலையில் யாரிடம் பிள்ளைகளை விட்டுவிட்டு வருகிறாள் என்ற கேள்விக்குத் துப்பறியும் கதையில் இடமில்லை.

இதைவிட ஆழமான சிக்கல் வகைமையிலேயே இருக்கிறது. துப்பறியும் நாவலுக்கு ஒரு புதிர் வேண்டும். குற்றவாளி யார் என்பது கடைசிவரை மறைந்திருக்க வேண்டும். கூர்மையான ஒருத்தி அதைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்ததும் தீங்கு முடிந்துவிட வேண்டும். அதாவது, அறியாமைதான் பிரச்சினை, அறிவுதான் தீர்வு. வேலையிடத்தில் பெண்கள் சந்திக்கும் வன்முறை பெரும்பாலும் இந்த வடிவத்தில் வருவதில்லை. யார் செய்கிறான் என்பது முதல் வாரமே தெரிந்துவிடும். புதிதாக வேலைக்குச் சேரும் பெண்ணிடம் பழைய பெண்கள் காதோடு சொல்லியும் விடுவார்கள். மேலதிகாரிக்கும் தெரியும். தெரிந்தும் ஒன்றும் நடக்காது.

கிராண்ட் கேன்யன் பூங்காவில் நடந்தது இதுதான். அங்கே கொலராடோ ஆற்றின் வழியே பணிநிமித்தமான படகுப் பயணங்கள் உண்டு. அறிவியலாளர்கள், ஊழியர்கள், படகோட்டிகள் எல்லாரும் நாள்கணக்கில் ஒன்றாக இருப்பார்கள். இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறைச் சுவர். வேண்டாம் என்று எழுந்து வீட்டுக்குப் போக முடியாது. 2014 செப்டம்பரில், அங்கே வேலை பார்த்த, பார்த்துக்கொண்டிருந்த 13 பேர் உள்துறைச் செயலர் சாலி ஜுவலுக்குக் கடிதம் எழுதினார்கள். அந்தத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் விசாரித்து, 2016 ஜனவரியில் அறிக்கை வெளியிட்டது. ஏறத்தாழ 15 ஆண்டுகளாக ஆற்றுப் பிரிவில் பாலியல் தொந்தரவு நடந்துவந்தது அதில் பதிவானது. கடிதத்தில் கையெழுத்திட்டவர்களுக்கு அப்பால் மேலும் 22 பேர் தாங்கள் அனுபவித்ததையோ நேரில் கண்டதையோ சொன்னார்கள். இணங்க மறுத்த பெண்கள் படகிலும் வேலையிலும் பழிவாங்கப்பட்டார்கள். முந்தைய புகார்கள் மேலே போயிருந்தன. உருப்படியான நடவடிக்கை இல்லை. பூங்காவின் கண்காணிப்பாளர் அந்த ஆண்டே ஓய்வுபெற்றார். அவர் இடத்தில் கிறிஸ்டின் லெனெர்ட்ஸ் நியமிக்கப்பட்டார். கிராண்ட் கேன்யனின் முதல் பெண் கண்காணிப்பாளர்.

அது ஒரு பூங்காவின் நோய் மட்டுமல்ல என்பதும் விரைவில் வெளியானது. தேசியப் பூங்கா சேவை தன் ஊழியர்களிடம் நடத்தி 2017இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், 38.7 விழுக்காட்டினர் முந்தைய 12 மாதங்களில் ஏதோ ஒருவகைத் தொந்தரவை அனுபவித்ததாகக் கூறினார்கள். பாலியல் தொந்தரவை மட்டும் கூறியவர்கள் 10.4 விழுக்காடு. மலைச் சிங்கத்தையும் கரடியையும் பற்றி எச்சரிக்கைப் பலகை வைக்கும் நிறுவனத்தில் பெண்கள் அஞ்ச வேண்டியிருந்தது உடன் வேலை பார்ப்பவரை.

இதை வைத்துக்கொண்டு மீண்டும் நாவல்களுக்குப் போனால், அன்னா பிஜனின் உலகில் ஆணாதிக்கம் இல்லாமல் இல்லை. நிறையவே இருக்கிறது; ஆனால் சூழலாக இருக்கிறது. வெயில், முள், பாம்பு போல அவள் தாங்கிக்கொண்டு கடக்க வேண்டிய ஒன்று. புதிர் வேறெங்கோ இருக்கிறது. 'டீப் சவுத்' (2000) இங்கே முக்கியமான விதிவிலக்கு. மிசிசிப்பியின் நாட்செஸ் ட்ரேஸ் பகுதியில் அன்னா மாவட்ட ரேஞ்சராகப் பதவி உயர்வு பெற்றுப் போகிறாள். அவளுக்குக் கீழே வேலை பார்க்க வேண்டிய ஆண்கள், ஒரு பெண்ணின் உத்தரவை ஏற்கத் தயாராக இல்லை. அவள் அழைக்கும்போது தாமதிக்கிறார்கள், முணுமுணுக்கிறார்கள், சட்டத்தைப் பேசுகிறார்கள். அவசர வேலையில் தாமதம் என்பது உயிரோடு விளையாடுவது. அதை ஆயுதமாக்க முடியும் என்று பார் நுட்பமாகக் காட்டுகிறார். யார் செய்கிறான் என்று வாசகிக்கு முதலிலேயே தெரியும். தொடரில் மிக உண்மையாக ஒலிக்கும் பகுதிகளில் இது ஒன்று.

ஆனால் அங்கும் அன்னா என்ன செய்கிறாள்? தன் புத்தியாலும் பொறுமையாலும் நாக்கின் கூர்மையாலும் தனியாகச் சமாளிக்கிறாள். தன்னைப்போல் வேறு பெண்கள் இருக்கிறார்களா, அவர்களோடு சேர்ந்து ஒரு கடிதம் எழுதலாமா என்ற யோசனை கதையின் வேகத்துக்குப் பொருந்தாது. கிராண்ட் கேன்யனில் நிலைமையை அசைத்தது 13 கையெழுத்துகள். அவற்றில் எந்த ஒன்றும் தனியாக இருந்திருந்தால், முந்தைய புகார்களைப் போலவே அதுவும் ஒரு கோப்புக்குள் போயிருக்கும். துப்பறியும் நாவலின் கடைசி அத்தியாயத்தில் 13 பேர் உட்கார்ந்து வாசகத்தைத் திருத்தி, அச்சத்தோடு கையெழுத்திடும் காட்சி வர முடியாது. பெண்ணிய அரசியலின் பெரும்பகுதி அப்படிப்பட்ட காட்சிகளால்தான் ஆனது.

இன்னொரு கேள்வி, எதை அவசரம் என்று அழைக்கிறோம் என்பது. பாரின் நாவல்களில் அவசரம் என்றால் தீ, வீழ்ச்சி, வெள்ளம், துப்பாக்கிச் சூடு. ஹெலிகாப்டரும் கயிறும் தேவைப்படும் நிகழ்ச்சிகள். 2021 ஆகஸ்ட் 12 அன்று யூட்டா மாநிலத்தில் ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவின் வாயிலருகே போலீசார் ஒரு வேனை நிறுத்தினார்கள். ஒருவன் ஒரு பெண்ணை அறைந்ததைப் பார்த்த வழிப்போக்கர் அவசர எண்ணுக்கு அழைத்திருந்தார். வேனில் 22 வயதுப் பெண்ணும் அவளுக்கு நிச்சயிக்கப்பட்டவனும் இருந்தார்கள். அவள் அழுதாள், தன்மேல்தான் தவறு என்றாள், தானும் அவனை அடித்ததாகச் சொன்னாள். போலீசார் அவளையே தாக்கியவளாகக் கொண்டு, வழக்குப் பதியாமல், அந்த ஓர் இரவுக்கு இருவரையும் பிரித்துவைத்து அனுப்பினார்கள். செப்டம்பர் 19 அன்று வயோமிங் மாநிலக் காடொன்றில் அவள் உடல் கிடைத்தது. கழுத்து நெரிக்கப்பட்டிருந்தது. நகரக் காவல்துறையின் செயல்பாட்டில் பிழைகள் இருந்ததாக 2022 ஜனவரியில் வெளியான தனி ஆய்வு கூறியது.

அந்தச் சாலையோரத்தில் பூங்காவின் பெண் ரேஞ்சர் ஒருவரும் இருந்தார். அழுதுகொண்டிருந்த பெண்ணோடு பேசியவர்களில் அவரும் ஒருவர். இந்த உறவு உனக்கு நல்லதல்ல என்ற பொருளில் அவளிடம் வெளிப்படையாகப் பேசியதாக அவர் பிற்பாடு செய்தியாளர்களிடம் கூறினார். அவர் பார்த்தது சரி. ஆனால் ஒரு பெண் சரியாகப் பார்ப்பது, அந்தப் பார்வையைச் செயலாக்கும் நடைமுறை இல்லாதபோது, அறிவுரையாகச் சுருங்கிவிடுகிறது. பாறையிலிருந்து விழுந்தவருக்கு என்ன செய்ய வேண்டும் என்பதற்கு ஒவ்வொரு படியும் வகுக்கப்பட்டிருக்கிறது. தன்னை அடிப்பவனைக் காப்பாற்றப் பேசும் பெண்ணுக்கு என்ன செய்ய வேண்டும் என்பது, அந்த நேரத்தில் அங்கே நிற்பவரின் மனநிலைக்கு விடப்படுகிறது. வேனில் இருந்த பெண்ணும் விழுந்துகொண்டுதான் இருந்தாள். பெண்களைச் சீருடைக்குள் கொண்டுவந்தால் போதும், நிறுவனம் தானாக மாறும் என்ற நம்பிக்கைக்கு இந்தச் சாலையோரம் கடுமையான பதில்.

நாவல்களுக்குச் சாதகமாக ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். காட்டில் தனியாக இருக்கும் பெண்ணுக்கு நம் பண்பாடுகள் எல்லாம் ஒரே அறிவுரைதான் வைத்திருக்கின்றன: போகாதே. 1996இல் வர்ஜீனியாவின் ஷெனான்டோவா பூங்காவில் முகாமிட்டிருந்த இரண்டு இளம்பெண்கள் கொல்லப்பட்டார்கள், இருவரும் காதலர்கள். ஜூன் 1 அன்று ரேஞ்சர்கள் உடல்களைக் கண்டெடுத்தார்கள். 2002இல் ஒருவன்மீது குற்றம்சாட்டினார்கள். 2004இல் குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. விசாரணையின் ஓட்டைகளைப் பற்றிக் கேத்ரின் மைல்ஸ் 2022இல் 'ட்ரெய்ல்ட்' என்ற நூலை எழுதினார். 2024 ஜூனில்தான், ஏற்கெனவே சிறையில் இறந்துபோன ஒரு பாலியல் குற்றவாளியின் மரபணு பொருந்துவதாக எஃப்.பி.ஐ. அறிவித்தது. 28 ஆண்டுகள் இந்தக் கதை மலையேறும் பெண்களுக்கான எச்சரிக்கையாகவே சொல்லப்பட்டது. கொன்றவன் வெளியே நடமாடிய காலத்தில் உள்ளே இருக்கச் சொல்லப்பட்டவர்கள் பெண்கள். அன்னா பிஜன் இந்த அறிவுரையை ஒருபோதும் ஏற்பதில்லை. இரவில், தனியாக, விளக்கை அணைத்துவிட்டு நடக்கிறாள். அந்த இருட்டு தனக்குப் பிடித்திருக்கிறது என்று உணர்கிறாள். முதல் நாவலிலேயே, பழி சுமத்தப்பட்ட சிங்கத்தின் பக்கம் நிற்கிறாள். பயப்பட வேண்டியது காட்டைக் கண்டல்ல என்று 19 நூல்கள் திரும்பத் திரும்பச் சொல்வது சிறிய உதவி அல்ல.

ஆனாலும் அந்தத் தனிமையை முழு மனதோடு கொண்டாட முடியவில்லை. அன்னா ரசிக்கும் ஆளில்லாத நிலம் இயற்கையாக ஆளில்லாமல் போனதல்ல. யோசெமிட்டி பள்ளத்தாக்கில் 1851இல் ஆயுதப்படை புகுந்து அவானீச்சி மக்களைத் துரத்தியது. அங்கே எஞ்சியிருந்த கடைசிப் பூர்வகுடிக் குடியிருப்பின் வீடுகளையும் பூங்கா நிர்வாகம் 1969இல் இடித்து முடித்தது. வனாந்தரம் பற்றிய 1964ஆம் ஆண்டுச் சட்டம், அங்கே மனிதர் தங்காமல் போகும் விருந்தாளி என்று வரையறுக்கிறது. தங்கி வாழ்ந்தவர்களின் பெண்கள், அவர்கள் பொறுக்கிய கருவாலிக் கொட்டைகள், முடைந்த கூடைகள் எல்லாம் அந்த வரையறைக்கு வெளியே. அவர்களை வெளியேற்றியதிலும் வெளியே நிறுத்தியதிலும் சீருடைக்குப் பங்கு உண்டு. பாரின் நாவல்கள், குறிப்பாக மேசா வெர்டேயில் நடக்கும் 'இல் விண்ட்' (1995), பழங்குடிகளின் கைவிடப்பட்ட கல்வீடுகளை மரியாதையோடும் வியப்போடும் பார்க்கின்றன. ஆனால் அந்த மரியாதை மறைந்துபோனவர்களுக்குச் செலுத்தப்படுகிறது. அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அருகிலேயே வாழ்கிறார்கள். வெள்ளைப் பெண்ணின் விடுதலை வெளி, வேறொரு பெண்ணின் இழந்த வீடாக இருக்கலாம் என்ற எண்ணம் அன்னாவுக்குப் பெரிதாக வருவதில்லை.

அப்படியானால் இந்நாவல்களை மாணவிகளுக்குப் பரிந்துரைக்கலாமா? தயங்காமல் பரிந்துரைப்பேன். வேலை தெரிந்த, வயது ஏறிய, பயத்தோடு நடக்கத் தெரிந்த ஒரு பெண்ணை இவ்வளவு நெருக்கமாகப் பின்தொடரும் நூல்கள் அதிகம் இல்லை. 'டீப் சவுத்'திலிருந்து தொடங்கலாம். அதற்குப் பின் 'ஃபயர்ஸ்டார்ம்'. ஆனால் வாசிக்கும்போது இறந்தவரைக் கொன்றது யார் என்ற கேள்வியோடு நிறுத்திவிடாமல், இந்தப் பக்கத்தில் யாருக்கு என்ன ஏற்கெனவே தெரியும் என்றும் கேட்டுக்கொண்டே போக வேண்டும். அன்னாவைக் கிண்டல் செய்பவனை எந்த மேலதிகாரி பார்த்தார்? அவள் அழைத்தும் வராதவனின் தாமதம் எங்கே பதிவானது? அவளுக்கு முன் அந்தப் பதவியில் இருந்த பெண் ஏன் போய்விட்டாள்? இந்தக் கேள்விகளுக்கு நாவல் பதில் சொல்லாத இடங்களில், கிராண்ட் கேன்யன் அறிக்கையைப் போன்ற உணர்ச்சியற்ற அரசாங்க ஆவணங்களைப் பக்கத்தில் வைத்து வாசிக்கலாம். அந்த அறிக்கையில் நாயகி இல்லை, திருப்பம் இல்லை, கடைசி அத்தியாயத்தின் நிம்மதியும் இல்லை. 35 பேர், ஒருவர் சொன்னதை மற்றவர் உறுதிசெய்தபடி, தங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லியிருக்கிறார்கள்.